மாகடி பக்கத்துத் தோட்டத்தை மாற்றிக் கட்டும் முன்: நிலத்தோற்றமும் காட்சித் தாக்கமும் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு மாகடி, ஆனேக்கல், தொட்டபள்ளாபுரம் பக்கங்களில் ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ தோட்டம் இருக்கிறது. விவசாயம் தளர்ந்த பிறகு அந்தத் தோட்டத்தைத் தங்கும் விடுதியாகவோ வீட்டுமனைகளாகவோ மாற்ற நினைக்கும்போது, அந்த மாற்றம் நிலத்தையும் அதைப் பார்ப்பவரையும் எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் மதிப்பீடு பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது மாகடி வட்டத்தில், சாவன்துர்கா மலையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில், சாலையோரம் அமைந்த 8 ஏக்கர் நிலம். அதில் ஓர் ஓட்டு வீடு, கைவிடப்பட்ட கோழிக்கொட்டகை, கிணறு, பழைய மாமரங்கள், ராகி விளையும் நிலம் ஆகியவை உள்ளன. பின்புறம் ஒரு சிறு மேடும் கீழ்ப்புறம் ஊர் ஏரியும் இருக்கின்றன. உரிமையாளர் 12 குடில்களும், 9 மீட்டர் உயரத்தில் ஒரு கூடமும் கட்ட விரும்புகிறார்.

நிலத்தோற்றம், காட்சி என்று இரண்டாகப் பிரிப்பது ஏன்? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்த மதிப்பீட்டில் நடக்கும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டையும் கலப்பதால் வருகிறது. நிலத்தோற்றத் தாக்கம் என்பது நிலத்துக்கு நேர்வது. காட்சித் தாக்கம் என்பது அதைப் பார்க்கும் மனிதருக்கு நேர்வது. நம் தோட்டத்தின் நடுவே மழைநீர் ஏரிக்குப் போகும் ஒரு சிறு வாய்க்கால் இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தூர்த்து, வரப்புகளைக் கரைத்து, சரிவை மட்டமாக்கினால் மாமரங்களுக்குப் பின்னால் நடந்த அந்த வேலை சாலையில் போகும் யாருக்கும் தெரியாது. ஆனால் நிலத்தின் குணம் நிரந்தரமாக மாறிவிடும். மறுபக்கம், கோழிக்கொட்டகையின் துருப்பிடித்த கூரையை எடுத்துவிட்டுப் பளபளக்கும் நீலத் தகடு போட்டால் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் கண்ணிலும் அது குத்தும்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்தது பிரிட்டனில் 2013-இல் மூன்றாம் பதிப்பாக வந்த தொழில்முறை வழிகாட்டி. அதை அங்குள்ள லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட், சுற்றுச்சூழல் மேலாண்மைக் கழகம் ஒன்றுடன் சேர்ந்து வெளியிட்டது. இந்தியாவில் பலரும் அதன் முறையையே தழுவிக்கொள்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஃப்ளோரன்ஸ் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை, இயற்கையும் மனிதரும் ஒன்றன்மேல் ஒன்று செயல்பட்டதால் உருவாகி, மக்கள் உணரும் வகையில் அமைந்த பரப்பையே நிலத்தோற்றம் என்றது. மலைக்காட்சி உள்ள இடம் மட்டும்தான் நிலத்தோற்றம் என்ற எண்ணம் இதில் அடிபட்டுப் போகிறது. ராகி வயலும் அரசமரத்து மேடையும் அதில் சேர்ந்தவையே.

இப்படி ஒரு மதிப்பீடு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

8 ஏக்கர் விடுதிக்குப் பெரும்பாலும் இல்லை. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டும் கட்டடத் திட்டங்களுக்கே முன் அனுமதி தேவைப்படுகிறது. அந்த அறிவிக்கையோடு இணைந்த படிவம் 1ஏ-யில் அழகியல் என்றொரு பகுதி உண்டு. கட்டுமானம் ஏதேனும் காட்சியையோ எழிலையோ நிலத்தோற்றத்தையோ மறைக்குமா, அதைத் திட்டக்காரர் கணக்கில் எடுத்தாரா என்று அது கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லால் பதில் எழுதிவிட முடியும் என்பது அதன் குறை.

விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 95-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பேச்சு வழக்கில் ‘டிசி கன்வர்ஷன்’ என்பது இதுதான். உங்கள் சர்வே நம்பர் எந்தத் திட்டக் குழுமத்தின் எல்லையில் வருகிறதோ அதன் மாஸ்டர் பிளானும் பொருந்த வேண்டும். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு 2003 முதல் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மாகடி சாலையில் நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பன்னேருகட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 2020-இல் 168.84 சதுர கிலோமீட்டர், கட்டுமானம் போன்றவை கட்டுப்படுத்தப்படும் சூழல் கூர்வுணர் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. ஆனேக்கல் பக்கத்தார் அந்த வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சட்டம் கேட்கவில்லை என்றால் எதற்குச் செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். விடுதிக்கு விருந்தினர் வருவது அந்த மலையையும் ஏரியையும் பார்க்கத்தான். அதை நீங்களே மறைத்துக் கட்டிவிட்டால் நட்டம் உங்களுடையது.

‘இன்றைய நிலை’யைப் பதிவு செய்யும்போது எதையெல்லாம் எழுத வேண்டும்?

முதலில் பாறையும் மண்ணும் நீரும். பெங்களூரைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் ‘நைஸ்’ எனப்படும் பழமையான உருமாறிய பாறையால் ஆனது. மேற்கே ராமநகரம் பக்கம் போகப்போகக் கருங்கல் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கும். சாவன்துர்கா கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரமுள்ள, ஏறக்குறைய மொட்டையான ஒரே பாறைத் திரள். இந்த நிலத்தில் நீரோட்டம் இயல்பாக ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு இறங்கும். அவற்றை இணைக்கும் பெரிய வாய்க்கால்களை ராஜகாலுவே என்பார்கள். மேட்டில் ராகி, அவரை, துவரை. பள்ளத்தில் தென்னை, பாக்கு. ஊர் எல்லையில் பொதுவான மரத்தோப்பு. அதற்குக் கன்னடத்தில் குண்டுதோப்பு என்று பெயர். இந்த அடுக்குதான் இங்கே நிலத்தோற்றத்தின் இலக்கணம்.

அடுத்தது பதிவேடு. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை, ஓடை, ஏரி, தோப்பு எல்லாம் கோடு போட்டு இருக்கும். கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்க்கில் சர்வே நம்பரோடு பார்க்கலாம். ‘பி-கராப்’ என்று குறித்திருப்பது பொதுப் பாதையோ நீர்வழியோ ஆகும். அது உங்கள் வேலிக்குள்ளே இருந்தாலும் உங்களுடையது அல்ல. பழைய வண்டிப்பாதையைக் கண்டுபிடிப்பதால் இன்னொரு பயனும் உண்டு: ஊரார் எங்கிருந்து நிலத்தைப் பார்த்துப் பழகினார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

மூன்றாவது, மனிதர் அந்த இடத்துக்குத் தரும் மதிப்பு. அரசும் வேம்பும் நிற்கும் மேடை, நாகர் கற்கள், திருவிழாவுக்கு நீர் எடுக்கும் படித்துறை ஆகியவை எந்த அரசாணையிலும் பாதுகாக்கப்பட்டதாக இருக்காது; ஆனாலும் மதிப்பீட்டில் அவற்றின் எடை அதிகம். அதைத் தெரிந்துகொள்ள ஊருக்குள் போய் உட்கார்ந்து கன்னடத்தில் பேச வேண்டும். நகரத்திலிருந்து வந்த தமிழர் என்ற தயக்கத்தில் பலர் இதைத் தரகரிடம் விட்டுவிடுகிறார்கள். தரகருக்கு மேடையின் மதிப்பு தெரியாது, சதுர அடி விலைதான் தெரியும்.

பாழடைந்த கோழிக்கொட்டகையை இடித்துவிட்டால் அதுவே நன்மைதானே? கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், அளவோடு. நீளமான கொட்டகையும் அதன் துருப்பிடித்த தகரமும் போவது உண்மையான முன்னேற்றம். ஆனால் 4 மீட்டர் உயரக் கொட்டகை நின்ற இடத்தில் 9 மீட்டர் கூடம் வரும்போது, ‘அங்கே ஏற்கெனவே கட்டடம் இருந்தது’ என்ற வாதம் நான்கு மீட்டர் வரைதான் செல்லும். கொட்டகையில் இரவு ஒற்றை பல்பு எரிந்தது, வாரம் ஒரு தீவன வண்டி வந்தது. விடுதிக்கு நாள்தோறும் கார்கள் வரும். பண்ணைக் கட்டடமும் விடுதிக் கட்டடமும் ஒரே பரப்பில் நின்றாலும் நிலத்தின் குணத்தில் ஒன்றாகா. நன்மையையும் தீமையையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றை மற்றொன்றில் கழித்து ‘தாக்கம் பூஜ்யம்’ என்று காட்டுவது நேர்மையான மதிப்பீடாகாது.

எங்கெங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

கணினியும் கால்களும் சேர்ந்து முடிவு செய்யும். க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் நில உயரத் தரவை ஏற்றி, 9 மீட்டர் உயரப் புள்ளி ஒன்று எங்கிருந்தெல்லாம் தெரியக்கூடும் என்று கணக்கிட்டால் பார்வைக்கு எட்டும் பரப்பு வரைபடமாக வந்துவிடும். விண்ணிலிருந்து ரேடாரால் அளந்து இலவசமாகத் தரப்படும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு 30 மீட்டருக்கு ஓர் அளவு என்ற கணக்கில் அமைந்தது. அதன் உயர அளவில் சில மீட்டர் பிழையும் இருக்கும். ஆகவே அந்த வரைபடம் எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கான வழிகாட்டிதான், தீர்ப்பல்ல.

பிறகு நடக்க வேண்டும். சாலை வளைவு, ஏரிக்கரை, பேருந்து நிற்கும் இடம், பள்ளிக்கூட வாசல், கோயில் மேடை, மலையேறுபவர்கள் இளைப்பாறும் பாறை என்று எட்டுப் பத்துப் பார்வையிடங்கள் கிடைக்கும். சாவன்துர்காவின் உச்சியிலிருந்து கீழே பார்ப்பதை மறக்கக் கூடாது. மேலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் தெரியாது, கூரைகள்தான் தெரியும். பன்னிரண்டு கூரைகளும் வாகன நிறுத்தமும் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும்.

பார்ப்பவர் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். வீட்டு முற்றத்திலிருந்து நாள்முழுதும் பார்ப்பவர், மலையைப் பார்க்கவே வந்தவர் ஆகியோரின் உணர்திறன் உயர்வானது. வேலைக்கு விரையும் வண்டிக்காரருக்கு அது நடுத்தரம் அல்லது குறைவு. எதிரே கல் குவாரியில் வேலை செய்பவரின் கவனம் வேறெங்கோ இருக்கும் என்பதால் வழிகாட்டிகள் அவரைக் கடைசியில் வைக்கின்றன. இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நம் ஊர்களில் வயலில் வேலை செய்பவர் அந்த நிலத்தில் பத்து மணி நேரம் இருப்பவர். அவரைக் ‘கவனம் சிதறியவர்’ பட்டியலில் தள்ளுவது, சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு உழவரின் கண்ணைவிட அதிக மதிப்புக் கொடுப்பதாகிவிடும்.

படங்களை எந்தக் காலத்தில் எடுப்பது? கைபேசி போதுமா?

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்த மரபு நம்முடையது. இந்த வேலையில் அது வெறும் பெருமைப் பேச்சல்ல, நேரடிப் பயன் உள்ளது. பிரிட்டனில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில் படம் எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அப்போதுதான் மறைவு மிகக் குறைவு. இங்கே டிசம்பரில் போய்ப் படம் எடுத்தால் அந்த நோக்கம் நிறைவேறாது. மழை முடிந்து எல்லாம் செழித்து நிற்கும். காலையில் மூடுபனி வேறு. மறைவு குறையும் காலம் பிப்ரவரி, மார்ச். ராகி அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும், இலையுதிர்க்கும் மரங்கள் கிளையோடு நிற்கும். அக்டோபரில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை என இரண்டும் வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் மார்ச்.

கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணத்தில் படம் எடுப்பதால் தொலைவில் உள்ள மலை சிறுத்துத் தெரியும். ‘ஃபுல் ஃப்ரேம்’ கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்துவதே வழக்கம். முதல் சுற்றில் கைபேசியை இரண்டு மடங்கு பெரிதாக்கி, கண் உயரத்தில், ஏறக்குறைய 1.6 மீட்டரில் பிடித்து எடுத்தால் ஓரளவு நெருங்கிவிடலாம். ட்ரோன் படம் அழகாக இருக்கும். ஆனால் அந்த உயரத்தில் நிற்கும் மனிதர் யாரும் இல்லை.

தாக்கம் பெரிதா சிறிதா என்பதை எப்படி அளப்பது? எல்லாம் கருத்துதானே?

கருத்தும் உண்டு, கணக்கும் உண்டு. பார்ப்பவரின் உணர்திறன், மாற்றத்தின் அளவு ஆகிய இரண்டையும் சேர்த்துத்தான் தாக்கம் எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். மாற்றத்தின் அளவு என்பதில் உருவம், பரப்பு, எவ்வளவு காலம் நீடிக்கும், திரும்பப் பெற முடியுமா என்பவை அடங்கும். இதில் கணக்கு எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

சுற்று நிலம் 800 மீட்டரையொட்டி இருப்பதாகக் கொண்டால் சாவன்துர்கா அதற்கு மேல் 400 மீட்டருக்குச் சற்று அதிகமாக எழுகிறது. 6 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு, மலையின் உயரம் தொலைவில் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது பார்ப்பவரிடமிருந்து 300 மீட்டரில் ஒரு கண்ணாடித் திரை இருப்பதாகக் கற்பனை செய்தால், அதில் மலை கண் மட்டத்துக்கு மேலே 20 மீட்டர் உயரத்துக்குத் தெரியும். அதே தொலைவில், சம மட்டத்தில் நிற்கும் 9 மீட்டர் கூடம் கண் மட்டத்துக்கு மேலே 7.4 மீட்டர் எழுந்து மலையின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி மறைக்கும். கூடத்தைப் பின்புறத்து 6 மீட்டர் மேட்டின்மேல் ஏற்றிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மேட்டின்மேல் கட்டுவதைப் பலரும் விரும்புகிறார்கள், காற்றும் காட்சியும் அங்கேதான் என்பதால். தனக்குக் காட்சி கிடைக்கும் இடத்தில் ஏறி நின்றால் மற்றவர் காட்சியில் நாமே நிற்கிறோம். மேட்டின் அடிவாரத்தில், அதன் முகட்டைத் தாண்டாத உயரத்தில் கட்டுவதே என் பரிந்துரை. கட்டடத்தின் பின்னே வானம் தெரியாமல் மண்ணும் மரமும் தெரிந்தால், 9 மீட்டரும் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும்.

காம்பவுண்டு சுவரையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டுமா?

அதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். மேலே உள்ள அதே கணக்கைச் சுவருக்குப் போடுங்கள். சாலையில் நடப்பவருக்கும் சுவருக்கும் இடையே 3 மீட்டர் என்றால், மலை முழுவதையும் மறைக்கக் கண் மட்டத்துக்கு மேலே 20 சென்டிமீட்டர் போதும். ஆறடிச் சுவரே அந்த வேலையை முடித்துவிடும். எட்டடிச் சுவரும் அதன்மேல் முள்கம்பிச் சுருளும் எதற்கு? 300 மீட்டர் தள்ளி நிற்கும் கூடத்தைப் பற்றி அறிக்கையில் முப்பது பக்கம் எழுதிவிட்டு, சாலையோரம் 150 மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஹாலோ பிளாக் சுவரை ‘எல்லைப் பாதுகாப்பு’ என்று ஒரு வரியில் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரைச் சுற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நிலத்தோற்றத்தை அதிகம் அழித்தது எது என்று என்னைக் கேட்டால், அடுக்குமாடிகளைச் சொல்வதற்கு முன் சுவர்களைத்தான் சொல்வேன்.

இந்தப் பகுதியில் பழைய வழக்கம் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுவது, அல்லது கத்தாழையும் கள்ளியும் வைத்து உயிர்வேலி போடுவது. கருங்கல் தூண் மாகடி, ராமநகரம் பக்கத்துக் கல்லே. அதற்கு நிறம் தேட வேண்டியதில்லை. பாதுகாப்பு கட்டாயம் வேண்டும் என்றால் சுவரை வாசலையொட்டி மட்டும் வைத்து, மீதிக்குக் கம்பிவேலியும் செடியும் போதும்.

சில்வர் ஓக் வரிசையாக நட்டு மறைத்துவிட்டால் போதாதா?

மறைப்பது கடைசி வழி. இடத்தைச் சரியாகத் தேர்வதே முதல் வழி. மேலும், திறந்த ராகி வெளியின் குறுக்கே ஒரே உயரத்தில் ஒரே இனத்தில் நிற்கும் மரவரிசையே ஒரு புதிய நிலத்தோற்றத் தாக்கம். புங்கை, மா, நாவல், ஆல், வேம்பு கலந்த சிறு தோப்பாக நட்டால் அது குண்டுதோப்பு மரபோடு ஒட்டும்.

கட்டி முடித்த முதல் ஆண்டில் எப்படி, பதினைந்தாம் ஆண்டில் எப்படி என்று இரண்டு நிலைகளைக் காட்டுவது பிரிட்டிஷ் வழக்கம். இங்கே மரம் விரைவாக வளர்வதால் ஐந்தாம் ஆண்டையும் சேர்த்துக் காட்டலாம். பக்கத்து நிலத்துத் தைலமரத் தோப்பு உங்கள் கட்டடத்தை மறைக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். அது சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டப்படும் பயிர். கர்நாடக அரசு 2017-இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடையும் விதித்தது. உங்கள் கையில் இல்லாத மரம் உங்கள் திரை ஆகாது. உங்கள் நிலத்திலேயே நிற்கும் பழைய மாமரங்களை வெட்டவும் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கூரை, நிறம்?

சுருக்கமாகச் சொன்னால் மண், கல், காய்ந்த புல் ஆகியவற்றைவிட ஒரு படி மங்கிய நிறம். வெள்ளை வேண்டாம், நீலத் தகடு வேண்டவே வேண்டாம். மங்களூர் ஓடு பழகப்பழக இருளும் என்பதால் அது பாதுகாப்பான தேர்வு.

இரவுத் தோற்றத்தையும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பகலில் மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்த கட்டடம் இரவில் ஒளியாக வெளியே வரும். கிழக்கே பெங்களூரின் வெளிச்சம் வானத்தில் ஏற்கெனவே படர்ந்திருக்கும். மேற்கே மலைப்பக்கம் இன்னும் இருட்டு. அந்த இருட்டை ஒரு வளமாகப் பதிவு செய்ய வேண்டும். விளக்குகள் கீழ்நோக்கி மூடிய வகையாக, 3,000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் சாயலோடு, முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். மரத்தின்மேல் பச்சை விளக்கு அடிக்கும் பழக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் ‘நிலத்தோற்ற மேம்பாடு’ என்று ஒப்புக்கொண்டதில்லை.

அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க பாதகம்’ என்று வந்துவிட்டால் திட்டம் அவ்வளவுதானா?

இல்லை. எட்டுப் பார்வையிடங்களில் ஒன்றில் பாதகம் வருவது இயல்பு. எல்லா இடத்திலும் ‘மிகக் குறைவு’ என்று வரும் அறிக்கையைத்தான் நான் சந்தேகிப்பேன். பாதகம் எந்த இடத்தில், எந்தப் பகுதியால் வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பகுதியை மாற்றலாம்: கூடத்தை ஒரு தளமாகக் குறைக்கலாம், 40 மீட்டர் நகர்த்தலாம், இரண்டு குடில்களை விட்டுவிடலாம். இதற்காகத்தான் மதிப்பீட்டை வரைபடம் போடும் முன் தொடங்க வேண்டும். திட்டம் முடிந்து, அனுமதிக்குப் போகும் வாரத்தில் ‘ஒரு விஷுவல் ரிப்போர்ட் போட்டுக் கொடுங்கள்’ என்று வருபவருக்கு, நடப்போகும் மரங்களின் பெயர்களை மாற்றுவதைத் தவிர வேறு எதையும் செய்துதர முடியாது.

நிபுணரிடம் போகும் முன் நாங்களே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும், ஒரே நாளில். கட்டடம் வரப்போகும் நான்கு மூலைகளில் 9 மீட்டர் உயரத்துக்குச் சவுக்குக் கம்புகளைக் கட்டி நிறுத்தி, உச்சியில் சிவப்புத் துணி கட்டுங்கள். பலூன் காற்றில் சாய்ந்துவிடும் என்பதால் கம்பே மேல். பிறகு வேலி போட நினைக்கும் எல்லையில் சுவரின் உயரத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் நிற்க, மற்றவர்கள் ஏரிக்கரை, சாலை வளைவு, அரசமரத்து மேடை என்று ஒவ்வோர் இடமாகப் போய்ப் படம் எடுத்துவர வேண்டும். மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், ‘அது என்ன சிவப்புத் துணி?’ என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, அவர்கள் அடுத்து என்ன சொல்கிறார்கள் என்பதையும் அந்தப் படத்தின் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.